ஆறு மணிக்குள்

கன்சோலியில் ஞாயிறு இரவு ஒன்பது.
மூன்றாம் மாடியில் ஏசி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.
ஒரு வங்கி இன்னொன்றை விழுங்கிவிட்டது,
செரிக்க வைப்பது என் பாடு.
ஆறு கோடியே நாற்பது லட்சம் வரிகள்
பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு,
காலை ஆறு மணிக்குள்.

முதல் ஓட்டத்தில் நொடிக்குத் தொள்ளாயிரம்.
வகுத்துப் பார்த்தால் இருபது மணி நேரம்.
விக்ராந்த் பெட்னேகர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:
"அக்கா, சாவு."

சாவுதான்.
வரிக்கு ஒரு கமிட் என்றால் என்ன?
குர்லாவில் காலை எட்டே முக்காலுக்கு
ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்புகிறது.
தாதரில் இறக்கி, கையெழுத்து வாங்கி,
காலியாகத் திரும்பி வந்து
அடுத்த ஆள் யார் என்கிறது.
பிளாட்பாரத்தில் ஆறு கோடிப் பேர்.

பத்தாயிரம் பத்தாயிரமாக ஏற்றச் சொன்னேன்.
கதவில் தொங்கினால் தொங்கட்டும்.

கோப்பு புனேயில் இருந்தது.
ஒவ்வொரு வரியும் தனித்தனியே காட் இறங்கி
மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தது.
மொத்தத்தையும் ஒரே மூட்டையாக இறக்கி
சர்வரின் மடியிலேயே போட்டேன்.

அப்புறம் அந்த ஐந்து இண்டெக்ஸ்.
ஒருவர் ஏறினால் போதும்,
பெட்டியிலிருக்கும் அத்தனை பேரையும் எழுப்பி
பெயர்ப்படி, கிளைப்படி, பிறந்த தேதிப்படி
மறுபடி உட்காரவைக்கிற ஐந்து கறார்ப் பேர்வழிகள்.
போய் டீ குடியுங்கள், கூப்பிடுகிறேன் என்றேன்.

கடைசியாக ஃபாரின் கீ.
இந்தக் கணக்கு யாருடையது,
அந்த ஆள் உண்மையில் இருக்கிறாரா
என்று வரிக்கு வரி கேட்கிற கேள்வி.
அதை அணைக்க ஒரு பூஜ்யம் போதும்.
பூஜ்யத்தின் மேல் விரல் கொஞ்சம் நின்றது,
கேள்வி கேட்காவிட்டால்
எதுவும் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று
எனக்குத் தெரியாதா என்ன.

நொடிக்கு இருபத்தோராயிரம்.
எண்கள் எண்களாக இல்லை,
திரையில் நடுங்கும் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான்.
விக்ராந்த் வடா பாவ் வாங்கப் போய்
மழையில் மாட்டி, நனைந்து திரும்பினான்.
முடிந்திருந்தது.
நம்பாமல் இரண்டு தரம் எண்ணினான்.

இரண்டே முக்காலுக்கு ஐவரும் வந்து
ஒரே மூச்சில் அடுக்கிவிட்டுப் போனார்கள்.
நாலே காலுக்குக் கேள்வியை மறுபடி கேட்டேன்.

பதினேழு.

பதினேழு கணக்குகளுக்கு ஆள் இல்லை.
வாடிக்கையாளர் எண் இருக்கிறது,
அந்த எண்ணில் ஒருவரும் இல்லை.
ஒன்றில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது பைசா.
இன்னொன்றில் அறுபத்தோராயிரம்.
ஒன்றின் குறிப்புப் பத்தியில்
யாரோ ஒரு குமாஸ்தா, தொண்ணூற்று மூன்று ஜூனில்:
கையெழுத்து ஒத்துவரவில்லை. நாளை வரச் சொல்லியது.

தாக்கூர்தேசாய் போனில் கொட்டாவி விட்டார்.
ஆறு கோடியில் பதினேழா? தூக்கிடுங்க மேடம்.

தூக்கவில்லை.
தனியாக ஒரு டேபிள் திறந்து அதில் வைத்தேன்.
பெயர் கேட்டது.
ஒன்றும் தோன்றவில்லை. மணி ஐந்தே முக்கால்.
நாளை என்று அடித்தேன்.

தாணே ஸ்டேஷனில் டோம்பிவிலி ரயிலுக்கு நடக்கையில்
கறுப்புக் கோட்டுக்காரர் கை நீட்டினார்.
என் பாஸ் ஞாயிறோடு முடிந்திருந்தது.
நேற்றுப் போகும்போது இருந்தேன்,
இன்று திரும்பும்போது இல்லை.

அபராதம் எழுதினார்.
கார்பன் தாளை நேராக்கினார்.
பேனாவை உதறினார்.
என் பெயரில் ழகரம் வரும் இடத்தில் நின்று,
நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து,
மறுபடி கேட்டுக்கொண்டு எழுதினார்.
இரண்டு ரயில் போய்விட்டது.

ஒரே வரி.
கிழித்துக் கொடுத்தார்.